அவருடைய படத்துக்கு மேலே மாட்டிய காற்றாடி

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு பேனை பிடித்தது கடிதம் எழுதவும் கையெழுத்து வைக்கவும்தான். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரி எங்கே போனது என்று தேடவேண்டி இருக்கிறது. மறதியும் வந்துவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே மறந்து நிற்பேன். ஆகவே முன்னுக்குப் பின் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கிற பழக்கமும் எனக்கு இல்லை. கோபம் வந்தால் கறிக்கு உறைப்புக் கூடும், அவ்வளவுதான். இந்தக் கோபம் கறியில் அடங்கவில்லை என்றபடியால் எழுதுகிறேன்.

என் மருமகனுக்குப் பாரிசில், லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. மெத்ரோ ரயில் அங்கே நிலத்துக்குக் கீழே போகாது, தலைக்கு மேலே பாலத்தில் போகும். போகும்போதெல்லாம் கடைக் கண்ணாடி அதிரும். நான் வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே பாயப் பார்ப்பேன். சமையல்காரத் தம்பி ஒருவர்தான் சிரிக்கமாட்டார். அவரும் முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். "மெத்ரோ, அம்மா. வெறும் மெத்ரோ," என்பார். நான் திரும்பவும் ரோல்ஸ் சுற்றத் தொடங்குவேன். காலையில் கடை திறக்கும் முன்னே தொடங்கி, பின்மேசையில் இருந்து ரோல்ஸும் வடையும் செய்து கொடுப்பது என் வேலை. மகளும் மருமகனும் சும்மா இருங்கள் என்றுதான் சொன்னார்கள். சும்மா இருந்தால் எனக்கு யோசனை வரும்.

என் மனுசன் 2009இல், ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் போனவர். அதற்குப் பிறகு சில வருடம் கழித்து மகள் என்னை இங்கே எடுப்பித்தாள். அவருடைய படம் ஒன்று என்னோடு வந்தது. அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பெருப்பித்தது. கண் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், ஆனாலும் அவர்தான். மருமகன் அதைக் கடையில் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாட்டி, பிளாஸ்ரிக் மாலையும் போட்டு, சின்ன மின்விளக்கும் எரியவிட்டார். அந்த மரியாதையை நான் குறை சொல்லமாட்டேன். காலையில் கடைக்குள் போனதும் முதலில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் மாவில் கை வைப்பேன்.

இனி அந்தச் சாமானுக்கு வருகிறேன்.

இங்கே பழைய கட்டடங்களுக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கும். காவ் என்பார்கள். எங்கள் கடைக்கும் ஒன்று இருந்தது. முந்திக் கடை வைத்திருந்தவர்கள், அவர்களுக்கு முந்தி வைத்திருந்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று போட்ட சாமான்கள் அதில் கிடந்தன. ஒருமுறை தண்ணீர்க் குழாய் வெடித்து உள்ளே வெள்ளம் நின்றபடியால் எல்லாவற்றையும் மேலே ஏற்றவேண்டி வந்தது. அப்போது சாக்குச் சுற்றிய நீளமான ஒன்றை மருமகனும் சமையல்காரத் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள்.

"வள்ளத்துடுப்புப் போலை கிடக்கு," என்றார் மருமகன்.

"ரெண்டு பக்கமும் அலகு இருக்கிற துடுப்பை எந்த வள்ளத்திலை அண்ணை கண்டனீங்கள்," என்றார் சமையல்காரத் தம்பி.

"எனக்கென்ன தெரியும். நான் கடலுக்குப் போன ஆளே."

கட்டடத்தின் உள்முற்றத்தில் அதைக் கிடத்தி, கழுவச் சொல்லி என்னிடம் விட்டார்கள். சேறும் சிலந்திக் கூடும் ஒட்டிக் கிடந்தது. ஒரு ஆளைவிட நீளம். மரம், ஆனால் ஒரே மரம் இல்லை. பலகை பலகையாக ஒட்டிப் பிறகு செதுக்கியது. ஓரத்தில் பார்த்தால் ரிபன் கேக் வெட்டியதுபோலக் கோடு கோடாகத் தெரிந்தது. நடுவில் தடித்த குமிழ், அதில் ஒரு பெரிய துளை, சுற்றிவரச் சின்னத் துளைகள். இரண்டு பக்கமும் அலகு மெல்ல முறுகிக்கொண்டு போய் நுனியில் மெலிந்திருந்தது. நான் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவினேன். யாரோ வடிவாகச் செய்திருக்கிறான் என்று நினைத்ததும் உண்மை. அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. கழுவினேன் என்பதை ஞாபகம் வைத்திருங்கள். பிறகு அது பெரிய கதையாக வரும்.

அதைக் கடைக்குள் சுவரில் சாத்திவைத்தார்கள். அன்றிலிருந்து சாப்பிட வருகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் பேச்சு. லா சப்பலில் தெரியாது என்று சொல்லும் ஆண்பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. ஒருவர் மா அரைக்கிற ஆலையில் இருந்தது என்றார். ஒருவர் இங்கே அடுத்த மெத்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட் பக்கம் முந்திப் பெரிய தொழிற்சாலைகள் இருந்தன, அங்கே புகையை வெளியே தள்ளுகிற விசிறி என்றார். இன்னொருவர், "விசர்க்கதை. உது கப்பலின்ரை. என்ரை பெரியப்பா காங்கேசன்துறைத் துறைமுகத்திலை நிண்டவர், எனக்குத் தெரியாதே," என்று சோற்றுக் கையால் மேசையில் தட்டினார்.

"உன்ரை பெரியப்பா துறைமுகத்திலை தேத்தண்ணி வித்தவர்," என்றார் மற்றவர்.

"வித்தவர்தான். கப்பல்காரருக்குத்தானே வித்தவர்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அப்போதுதான் பக்கத்துப் போன் கடைக்காரர் உள்ளே வந்து, எட்டத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "எந்தப் பிளேனின்ரை மூக்கிலை கழட்டினது அண்ணை உந்தக் காற்றாடியை," என்று கேட்டார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. பாதி சுற்றிய ரோல்ஸ் கையிலேயே இருந்தது.

அன்று பின்னேரம் மருமகனிடம் நானாகவே பேசினேன். அது எனக்குப் பெரிய காரியம். "தம்பி, அது பிளேனின்ரையோ? எண்டால் அது என்ன வேலை செய்த பிளேன் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ," என்றேன்.

"விசாரிக்கிறன் மாமி."

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, "விசாரிச்சிட்டன் மாமி. கப்பலின்ரைதானாம். பழைய சின்னக் கப்பல். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்றார். மகள் பக்கத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கப்பல் என்று கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு மருமகன் தனக்குத் தெரிந்த ஒரு தச்சுவேலைக்காரரிடம் அதைக் கொடுத்தார். அவர் அதை மெசின் போட்டுத் தேய்த்து, சுவரோடு ஒட்டி நிற்கப் பின்பக்கத்தையும் சீவி மட்டமாக்கி, இரும்புப் பட்டி அடித்து, மினுங்கும் எண்ணெய் பூசிக் கொண்டுவந்தார். கடையில் அவ்வளவு நீளமான சுவர் ஒன்றுதான் இருக்கிறது. சாமித்தட்டும் அவருடைய படமும் இருக்கிற சுவர்.

"மாமாவின்ரை படத்தை நான் அசைக்கேல்லை மாமி. அதுக்கு மேலைதான் பூட்டினது. நல்ல எடுப்பாக் கிடக்குது, என்ன," என்றார் மருமகன்.

நான் தலையாட்டினேன். கப்பல்தானே.

எத்தனை மாதம் அப்படி இருந்தது என்று தெரியாது. ஒருநாள் மத்தியானம் ஒரு வெள்ளைக்காரர், வயதானவர், எங்கள் வீடு இருக்கிற மார்க்ஸ் டோர்மோய் பக்கத்து ஆள், சின்னப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்தார். அடிக்கடி வருகிறவர்தான். எனக்குப் பிரெஞ்சு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் தெரியாது, ஆனால் கண் தெரியும். அந்தப் பிள்ளை சுவரைக் காட்டி ஏதோ கேட்டது. அவர் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கையையும் அகல விரித்தார். ஒரு பக்கம் சரிந்தார், மற்றப் பக்கம் சரிந்தார், வாயால் உர்ர்ர் என்றார். பிள்ளை கைதட்டிச் சிரித்தது.

அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை. பேரப்பிள்ளைக்கு யாரும் அப்படித்தான் காட்டுவார்கள். நான் மகளைப் பார்த்தேன். அவள் உடனே காசாளர் மேசைக்குக் கீழே எதையோ தேடக் குனிந்தாள்.

கடை பூட்டியபிறகு கேட்டேன். மருமகன் முதலில் மழுப்பினார். பிறகு, "மாமி, நீங்கள் பயப்படுவியள் எண்டுதான் சொல்லேல்லை. உங்களுக்காகத்தான்," என்றார்.

எனக்காக. இந்த வார்த்தையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எங்களுடைய பாதுகாப்புக்காக இங்கே வா என்றார்கள், எங்களுடைய பாதுகாப்புக்காக அங்கே போ என்றார்கள். போன இடமெல்லாம் குண்டு விழுந்தது. வயதான பொம்பிளைக்குப் பொய் சொல்வது அன்பு என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் பயந்தவள்தான். பயந்தவளுக்குத்தான் உண்மை கூடத் தேவை. எந்தப் பக்கம் ஓடுவது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

"அப்ப அது என்ன பிளேன்," என்று கேட்டேன்.

"அது ஒருத்தருக்கும் தெரியாது. நூறு வருசத்துக்கு மேலை இருக்குமாம். அதுதானே அதின்ரை பெறுமதி."

"நான் வயசைக் கேக்கேல்லை தம்பி. என்ன வேலை செய்தது எண்டு கேக்கிறன்."

"அம்மா, அது வெறும் மரம் அம்மா," என்றாள் மகள்.

வெறும் மரமாம். அவருடைய தலைக்கு மேலே. குண்டு போட்ட பிளேனின் காற்றாடிக்குக் கீழே அவருக்கு மாலை போட்டு விளக்கு எரித்துக்கொண்டிருக்கிறேனோ என்று ஒவ்வொரு நாளும் ரோல்ஸ் சுற்றச் சுற்ற நினைப்பேன். தபால் கொண்டுபோன பிளேனாகவும் இருக்கலாம். ஆட்களை ஏற்றிப் போனதாகவும் இருக்கலாம். தெரிந்தால் ஒன்றில் படம் அங்கே இருக்கும், அல்லது நான் கழற்றி எடுப்பேன். தெரியாமல் எதைச் செய்வது? படத்தைக் கழற்றினால் அவரைக் கலைத்துவிட்டது போல இருக்கும், விட்டால் அவரைக் கேலி செய்தது போல. மெத்ரோ போகும்போது சுவர் அதிர்ந்து, காற்றாடியின் நுனி கொஞ்சம் நடுங்கும். அதன் நிழல் அவருடைய நெற்றியில் ஆடும். அந்த நாட்களில் கடைக் கறி உறைப்பென்று ஆட்கள் முறையிட்டார்கள். சமையல்காரத் தம்பி, "அது நான் இல்லை அண்ணை. அம்மாவின்ரை தூள்," என்று தப்பிக்கொண்டார்.

அந்த வருடம் நவராத்திரி வந்தது. கடையில் ஆயுத பூசை செய்வோம். மா பிசைகிற மெசின், கத்தி, அகப்பை, காசுக்குப் பதிலாக வங்கிக் கார்த் இழுக்கிற சின்ன மெசின் வரைக்கும் துடைத்து மேசையில் வைத்து விபூதியும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் பொறுப்பு. மருமகன் காற்றாடியையும் சுவரிலிருந்து இறக்கி இரண்டு மேசையைச் சேர்த்து அதன் மேல் கிடத்தினார்.

"உதுக்கும் வைக்க வேணுமோ," என்றேன்.

"எல்லாத்துக்கும் வைச்சிட்டு உதுக்கு வைக்காமல் விட்டால் குறை மாமி."

"ஆயுதம் எண்டு ஒத்துக்கொள்ளுறியள்."

மருமகன் என்னைப் பார்த்தார். நான் அப்படிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். சமையல்காரத் தம்பி சட்டியைக் கழுவுகிற சாட்டில் திரும்பி நின்று சிரித்தார்.

விபூதியைத் தண்ணீரில் குழைத்துக் கொண்டுவந்து அந்த நடுக் குமிழில் வைத்தேன். வைத்தேன் என்று சொல்வது சரியில்லை. மூன்று விரலால் மெல்ல இழுப்பதுதான் முறை. நான் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். சாமிக்குச் செய்கிற வேலையில் கோபத்தைக் காட்டக்கூடாது என்று தெரியும், ஆனால் கை கேட்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் பாராமல் அகப்பைகளுக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சமையல்காரத் தம்பி, "அம்மா, இஞ்சை வாங்கோ. அண்ணை, நீங்களும் வாங்கோ. உதிலை எழுத்துக் கிடக்கு," என்றார்.

விபூதி காய்ந்திருந்தது. மேலால் இருந்தது உதிர்ந்து, மரத்தில் முன்பு அச்சுக் குத்தியிருந்த குழிகளுக்குள் மட்டும் வெள்ளையாக நின்றது. தச்சுவேலைக்காரர் தேய்த்ததில் அந்த எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேலோட்டமாகப் போயிருந்திருக்கின்றன. சில எழுத்து, சில இலக்கம், பிறகு வால் அழிந்துபோன ஒரு சொல். அந்த வெள்ளைக்கார எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. மருமகன் வாசித்தும் விளங்கவில்லை. பூசைக்கு வந்தவர்கள் ஐயர் காத்திருக்கிறார் என்றும் பாராமல் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள்.

பேத்திக்குக் கையை விரித்துக் காட்டிய அந்த வயதானவர் அடுத்த முறை வந்தபோது மருமகன் படத்தைக் காட்டினார். அவர் தனக்குத் தெரியாது, ஆனால் பழைய விமானங்களோடு கிடக்கிற ஒருவரைத் தெரியும் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அந்த ஆள் வந்தது ஒரு திங்கட்கிழமை, கடைப் பூட்டு நாள். நான் ஆண்பிள்ளை வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தது என் வயது மதிக்கக்கூடிய ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கண்ணாடியைக் கழுத்தில் கயிற்றில் தொங்கவிட்டு, சேறு பட்ட சப்பாத்தோடு, ஒரு துணிப்பை கொண்டுவந்தா. சமையல்காரத் தம்பி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். ஆறவிட்டுவிட்டு வேலையைப் பார்த்தா.

இறக்கி மேசையில் கிடத்தியிருந்த காற்றாடியை முதலில் நீளம் அளந்தா. குமிழின் தடிப்பு அளந்தா. துளைகளை எண்ணினா. எந்தப் பக்கம் சுழலும் என்று கையால் காற்றில் சுற்றிப் பார்த்தா. ஒட்டிய பலகைகளின் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்து ஒரு மரத்தின் பெயரைச் சொன்னா. ஏதோ கொட்டை காய்க்கிற மரம் என்று மகள் சொன்னாள். பிறகு பூதக்கண்ணாடி வைத்து எழுத்துகளைப் பார்த்தா. அந்த வெள்ளை மா என்ன என்று கேட்டா. மகள் விபூதியை எப்படிச் சொல்வது என்று திணறி, கடைசியில் சாம்பல் என்றாள். கிழவி தலையாட்டி, தானும் சோக்குக்கட்டித் தூள் போட்டுத்தான் பார்ப்பதாகச் சொன்னா.

பிறகு நீளமாகப் பேசினா. மருமகன் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மலர்ந்துகொண்டே வந்தது. முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மாமி, இனி நிம்மதியா இருங்கோ. இது முதலாவது பெரிய சண்டைக்காலத்துப் பிளேனாம். ரெண்டு பேர் இருந்து போறது. ஆனால் குண்டு போடுற பிளேன் இல்லையாம். மேலை நிண்டு பாக்கிறது மட்டும்தானாம். போட்டோ எடுக்கிறது, பாத்துக்கொண்டு வாறது. வேவு பாக்கிற பிளேன். ஒருத்தரையும் ஒண்டும் செய்யேல்லை. பாத்தது மட்டும்தான்."

சமையல்காரத் தம்பி கையில் இருந்த துணியை மேசையில் வைத்தார். அவருக்கு விளங்கிவிட்டது. மற்ற யாருக்கும் விளங்கவில்லை.

நான் வாழ்க்கையில் சத்தம் போட்டுப் பேசியது குறைவு. அன்று பேசினேன்.

"பாத்தது மட்டுமோ தம்பி? குண்டு போடுறவன் வருவான், போட்டிட்டுப் போயிடுவான். அவனுக்கு ஒரு நிமிச வேலை. ஆளில்லாத வேவுப் பிளேன், வண்டு எண்டு சொல்லுவம், அதுதான் விடிய வெள்ளனவிலை இருந்து தலைக்கு மேலை நிண்டது. நாங்கள் தண்ணி அள்ளினதை, அடுப்பு மூட்டினதை, பொம்பிளையள் பத்தைக்குள்ளை ஒதுங்கினதை எல்லாம் பாத்தது அது. எந்தத் தறப்பாளுக்குக் கீழை ஆக்கள் கூட எண்டு காட்டிக்குடுத்தது அது. கஞ்சிக்கு வரிசை நிக்குது எண்டு சொன்னது அது. மாமா அந்த வரிசையிலைதான் நிண்டவர். பீரங்கிச் செல் விழுந்து செத்தவர் எண்டு எல்லாருக்கும் சொல்லுறியள். செல்லுக்குக் கண் இருக்கோ? அந்தக் கண் ஆற்றை?"

மகள், "அம்மா," என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"குண்டு போட்டதெண்டு சொல்லியிருந்தால் கூட நான் யோசிச்சிருப்பன். இதைக் கொண்டுவந்து அவற்றை தலைக்கு மேலை பூட்டி, எடுப்பாக் கிடக்குது எண்டு எனக்குச் சொன்னனீங்கள்."

மருமகன் தொண்ணூறுகளிலேயே பாரிசுக்கு வந்தவர். வண்டுச் சத்தத்தைப் போனில் கேட்டிருப்பார், எங்கள் குரலுக்குப் பின்னால்.

"அம்மா சொல்லுறது சரி அண்ணை," என்றார் சமையல்காரத் தம்பி. "வண்டு வந்தால் நாங்கள் உலையை இறக்கிப்போட்டு ஓடுவம். குண்டு போடுற கிபிர்ப் பிளேனைவிட அதுக்குத்தான் பயம்."

வெள்ளைக்காரக் கிழவி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து மகளிடம் ஏதோ கேட்டா. மகள் சின்னதாக ஏதோ சொல்லி முடிக்கப் பார்த்தாள். அது எனக்குத் தெரிந்தது.

"முழுக்கச் சொல்லு. ஒண்டும் விடாதை," என்றேன்.

மகள் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். தகப்பன் வரிசையில் நின்ற கதையை அவள் பிரெஞ்சில் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கிழவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. கேட்டு முடித்ததும் என்னை நேரே பார்த்து "வுயி, மதாம்" என்றா. ஓம் என்று அர்த்தம். பிறகு சொன்னதை மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அந்தச் சண்டையிலையும் அப்பிடித்தானாம் அம்மா. இது மேலை நிண்டு பாத்துக் கீழை பீரங்கிக்காரருக்குச் சொல்லுமாம், அங்கை அடி, இஞ்சை அடி எண்டு. இதைக் கண்டாலே கீழை நிக்கிற ஆக்கள் ஒளிப்பினமாம். நீங்கள் சொன்னது சரியெண்டு சொல்லுறா."

அங்கே இருந்தவர்களில் எனக்கு மழுப்பாமல் பதில் சொன்னது அவ ஒருத்திதான்.

ஆனால் அவ அதோடு விடவில்லை. காற்றாடியைப் புரட்டச் சொன்னா. பெரிய துளையைச் சுற்றிவர விரலால் தடவினா, முன்னும் பின்னும். நெற்றியைச் சுருக்கினா. பிளேனில் பூட்டும்போது இரண்டு பக்கமும் இரும்புத் தட்டு வைத்து ஆணியால் இறுக்குவார்களாம். ஒருமுறை பூட்டிப் பறந்தால் போதும், மரம் அமுங்கி வட்டமாகத் தழும்பு விழும். இதில் தழும்பு இல்லை. செய்து வைத்துப் பூட்டாமலே மிஞ்சிய காற்றாடிகளும் இருந்தனவாம். அப்படி ஒன்றாக இருக்கலாம்.

"பாத்தியளே மாமி," என்று மருமகன் உயிர் வந்தவர் போல நிமிர்ந்தார். "இது பறக்கவே இல்லை. புத்தம் புதுசு."

"நீங்கள் தேய்ச்சாப் பிறகு எல்லாம் புதுசுதான்," என்றேன்.

அதைத்தான் கிழவியும் சொன்னா. மெசின் போட்டுத் தேய்த்து, பின்பக்கத்தைச் சீவியும்விட்டார்கள். தழும்பு இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். தேய்க்கும் முன் யாராவது கிட்டத்தில் பார்த்தார்களா என்று கேட்டா. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கழுவினது நான்.

சூடான சட்டியை மேசையில் வைத்தால் விழுகிற வட்டம் போல இருக்கும், துளையைச் சுற்றி, உள்ளங்கை அகலம் என்று கிழவி கையால் காட்டினா. நான் கண்ணை மூடிப் பார்த்தேன். உள்முற்றம் தெரிகிறது. சவர்க்கார நுரை தெரிகிறது. துளைக்குள் விரலை விட்டுச் சேறு எடுத்தது தெரிகிறது. சுற்றிவர ஒரு வட்டம் கறுப்பாக இருந்தது போலவும் இருக்கிறது. அது சேறோ, துருவோ, தழும்போ? அல்லது கிழவி கையால் காட்டியபிறகு என் புத்தி கீறிய வட்டமோ?

"இல்லைத்தானே மாமி? இருந்திருந்தால் உங்கடை கைக்குத் தெரிஞ்சிருக்கும்தானே?" என்றார் மருமகன்.

பாருங்கள், எப்படிக் கேட்கிறார் என்று. கப்பல் என்று சொன்ன அதே குரல். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி. காற்றாடி சுவரில் இருக்கும், படமும் அங்கேயே இருக்கும், கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கும். எனக்கும் அந்தச் சொல் ஆசையாகத்தான் இருந்தது. ஆசையாக இருந்தபடியால்தான் சொல்லவில்லை. எனக்குக் கப்பல் என்று சொன்னவர்களுக்கு நானும் ஒரு கப்பல் சொல்லவா?

"தெரியேல்லை," என்றேன்.

கிழவி போகும்போது என் கையைப் பிடித்தா. ஏதோ சொன்னா. மகள் மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்கே கதிரை வைத்து ஏறி அவருடைய படத்தை நானே கழற்றினேன். மகள் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலையையும் சின்ன விளக்கையும் மரக்கறிப் பைக்குள் போட்டு, படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தே மார்க்ஸ் டோர்மோயில் இருக்கிற வீட்டுக்கு வந்தேன். இப்போது அவர் என் கட்டில் பக்கத்து அலுமாரி மேலே இருக்கிறார். காற்றாடி கடையில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். படம் இருந்த இடத்தில் மருமகன் ஒரு லட்சுமி படம் மாட்டியிருக்கிறார். கழற்றி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. பறக்காத மரம் என்றால் அதன்மேல் எனக்கு என்ன வழக்கு? பறந்தது என்றால் அதை ஏன் தேய்த்து மினுக்கினீர்கள்? இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டார்கள். நான் காலையில் போய் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி இருந்து ரோல்ஸ் சுற்றுகிறேன். மகள் கிழமைக்கு ஒருமுறையாவது கேட்கிறாள், "அப்பாவின்ரை படத்தைத் திருப்பிக் கொண்டுவருவமே அம்மா," என்று. மருமகன் கேட்பதில்லை. எனக்கு முன்னால் நடக்கும்போது கொஞ்சம் ஒதுங்கி நடக்கிறார்.

இதை வாசிக்கிறவர்களில் பழைய விமானங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். அந்தக் கிழவி சொன்னதை மகள் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறேன். சண்டையின் காலம், மரத்தின் இனம், பீரங்கிக்குச் சொல்கிற விதம், எல்லாம் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். லா சப்பல் பக்கம் வந்தால் கடைக்குப் போய் அதைப் புரட்டிப் பாருங்கள், மருமகன் மறுக்கமாட்டார். இரும்புத் தட்டு அமுக்கிய தழும்பு, தேய்த்துச் சீவிய பிறகும் மரத்துக்குள் எங்காவது மிஞ்சியிருக்குமா? இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். எனக்கு நல்லதாக இருக்கட்டும் என்று மாற்றிச் சொல்லிவிட வேண்டாம்.